மாடு எந்தப் பக்கம் பார்க்கிறது?

பாலக்கரையில் ஜெசிந்தாவின் அப்பா வைத்திருக்கும் ஃபிளெக்ஸ், ரப்பர் ஸ்டாம்ப் கடையில், நீள மேசைமேல் எங்கள் ஃபிளெக்ஸ் விரிந்து கிடந்தது. மிஷினிலிருந்து இறங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மை வாசனை மூக்கில் காரமாக ஏறியது. ஓரம் சுருளாமல் இருக்க ஒரு மூலையில் என் டிபன் டப்பாவையும் எதிர் மூலையில் கடையின் பசை டப்பாவையும் வைத்திருந்தோம்.

ஃபிளெக்ஸில் இரண்டு வரிசைப் படங்கள். இடப்பக்க வரிசை மொகஞ்சதாரோ, வலப்பக்க வரிசை ஹரப்பா. படத்துக்குப் படம் ஒற்றைக் கொம்போடு ஒரு மாடு. அதன் தலைக்கு மேல் நாலைந்து குறிகள். நாலாயிரம் வருடத்துக்கும் மேலாக மண்ணுக்குள் கிடந்து, வெளியே வந்து நூறு வருடமாகியும் யாருக்கும் வாய் திறக்காத குறிகள்.

ஜெசிந்தா கணினித் துறை. நான் வரலாறு. கல்லூரி ஒன்று, வருடமும் ஒன்று. கையில் பாதி கடித்த பஃப்ஸோடு அவள் மேசையை ஒரு சுற்று வந்தாள். பிறகு இன்னொரு சுற்று.

"டேய் குமாரு, இந்த மாடெல்லாம் ஏன்டா அந்தப் பக்கம் பாக்குது?"

"எந்த மாடு?"

"மொகஞ்சதாரோ மாடு வலது பக்கம் பாக்குது. ஹரப்பா மாடு மொத்தமும் இடது பக்கம் பாக்குது. வந்து பாரு."

வந்து பார்த்தேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நான் சொன்னேன்ல! எழுத்து மட்டும் இல்ல ஜெசி, மாடே திரும்பி நிக்குது! இது இன்னொரு ஆதாரம். மேடம்கிட்ட இப்பவே சொல்லணும்."

அவள் பஃப்ஸை மென்று விழுங்கினாள். துகள் ஃபிளெக்ஸில் விழுந்ததைச் சுண்டிவிட்டாள்.

"ஒரு மாடு திரும்பி நின்னா சரி. ஒரு ஊரு மாடு பூராவும் திரும்பி நிக்குமாடா?"

படிச்சிட்டான்

இத்தனை வாரமாக இந்தத் தொடரில் நான் ஜெயித்த கதைகளையே எழுதி வந்திருக்கிறேன் என்று ஒரு வாசகர் கடிதத்தில் குத்திக் காட்டியிருந்தார். நியாயம்தான். அவருக்காக இந்த வாரம் தோற்ற கதை.

அப்போது முதுகலை கடைசி வருடம். சிந்துவெளி எழுத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். எங்கள் கல்லூரிக் கருத்தரங்கில் அதை வாசிக்க வேண்டும். வெளியூரிலிருந்து அறிஞர்கள் வருகிறார்கள். வாசிப்பவர்களில் நன்றாகச் செய்கிற ஒருவரை அந்த வருடமே ஆராய்ச்சிப் படிப்புக்குச் சேர்த்துக்கொள்வார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஒருவர் நான்தான் என்று துறையில் எல்லோருக்கும் நினைப்பு. எனக்கும்தான். ஏனென்றால் என் கையில் ஒரு கண்டுபிடிப்பு இருந்தது.

அந்த எழுத்தில் ஜாடி போல ஒரு குறி உண்டு. இரண்டு காது வைத்த ஜாடி. நிறைய வாசகங்கள் அதில்தான் முடியும், நம் வாக்கியத்துக்குக் கடைசியில் புள்ளி வைப்பதைப் போல. இது அறிஞர்கள் எப்போதோ சொன்னது. நான் பார்த்ததோ வேறு. எங்களிடம் இருந்த படங்களில், மொகஞ்சதாரோவில் ஜாடி இடது கோடியில் நின்றது. ஹரப்பாவில் வலது கோடியில் நின்றது. அப்படியென்றால் ஓர் ஊர் வலமிருந்து இடமாகவும் இன்னோர் ஊர் இடமிருந்து வலமாகவும் எழுதியிருக்கிறது! ஒரே எழுத்து, இரண்டு திசை. இதுவரை ஒருவரும் சொல்லாதது.

மேடம், எங்கள் துறைப் பேராசிரியர், கட்டுரையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "கேக்க ரொம்ப நல்லா இருக்கு. அதான் பயமா இருக்கு. சரி பாத்தியா?"

"மூணு தடவை பாத்துட்டேன் மேடம்."

மூன்று தடவை எண்ணிப் பார்த்தது உண்மை. எண்ணிக்கையில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

அப்பாவிடம் போனில் சொன்னேன். மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி மில்லில் அவர் நெல் அவிக்கும் இடத்தில் வேலை. எங்கள் வீட்டில் என்னைத் தவிர யாரும் பள்ளிக்கூடத்தைத் தாண்டியதில்லை; அப்பா அதற்குள்ளேயே சரியாகப் போனதில்லை. நான் அரை மணி நேரம் விளக்கியதில் அவர் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். மறுநாள் மில் முழுக்கச் சொல்லிவிட்டார்: "யாராலயும் படிக்க முடியாத எழுத்த எம் பையன் படிச்சிட்டான்."

படிக்கிறான் என்பதற்கும் படிச்சிட்டான் என்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம்! அடுத்த முறை ஊருக்குப் போனபோது, மில் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் கேட்டார்: "என்ன தம்பி எழுதியிருந்தான் அதுல? நெல்லு வெலையா?" நான் சிரித்து மழுப்பினேன். மறுக்கவில்லை. கருத்தரங்குக்குத் தானும் வருவதாக அப்பா ஒருநாள் லீவு சொல்லியிருந்தார்.

ஒரு அங்குலக் கல்

அந்த எழுத்தின்மேல் எனக்கு ஏன் இத்தனை பித்து என்று சொல்லாமல் மேலே போக முடியாது.

தபால்தலை அளவு கல்லில்தான் அந்த எழுத்து. பெரும்பாலும் மாக்கல். நகத்தால் கீறினால்கூடக் கோடு விழுகிற மென்மை. அதில் குழிவாகச் செதுக்கி, சுட்டுக் கெட்டியாக்கியிருக்கிறார்கள். முதுகில் ஒரு குமிழ், அதில் கயிறு கோக்க ஓட்டை. இடுப்பிலோ கழுத்திலோ தொங்கியிருக்கும். ஈரக் களிமண்ணில் அழுத்தினால் மாடு புடைத்துக்கொண்டு எழும். கழுத்து மடிப்பு, கண், குளம்பு, எல்லாம் ஒரு அங்குலத்துக்குள்.

களிமண்ணில் நேராக விழ வேண்டுமானால் கல்லில் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். அதைச் செய்தவர், மனதுக்குள் எப்போதும் கண்ணாடி ஒன்றைத் தூக்கிக்கொண்டே வாழ்ந்திருக்க வேண்டும்.

ஒரு முத்திரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பதிந்த மண்ணைப் பார்த்தால், வலது பக்கம் குறிகள் தாராளமாக, காற்றோட்டமாக நிற்கும். இடது கோடிக்கு வர வர இடம் போதாமல் நெருக்கியடித்து நிற்கும், கடைசி பஸ்ஸில் ஏறியவர்களைப் போல. எழுதியவர் வலதில் தொடங்கி இடதில் மாட்டிக்கொண்டார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஒரு சொல்கூடப் புரியவில்லை; ஆனால் அவர் 'அடடா' என்று நாக்கைக் கடித்துக்கொண்டது எனக்குக் கேட்கிறது.

தோலாவிரா என்ற இன்னொரு சிந்துவெளி ஊரில் வாசல் பக்கம் ஒரு பெயர்ப்பலகையே கிடைத்தது. மரம் மக்கிப் போய்விட்டது. அதில் பதித்திருந்த பத்துப் பெரிய வெள்ளைக் குறிகள் மட்டும் விழுந்தபடியே மண்ணில் கிடந்தன. ஊருக்குள் வருகிற எல்லோரும் அண்ணாந்து பார்த்திருப்பார்கள். ஊர் பெயரோ, சாமி பெயரோ, 'செருப்பைக் கழற்றவும்' என்றோ, யாருக்குத் தெரியும்? பத்துக் குறியை எழுத்துக்கூட்ட உலகத்தில் ஒரு ஆள் இல்லை. அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்த அன்று நான் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகவில்லை.

இவ்வளவு மரியாதை வைத்திருந்த நான்தான், அவர்கள் ஊர் ஒன்றையே தலைகீழாக, இல்லை, இடவலமாகத் திருப்பிவிட்டேன்.

ஆம், இல்லை

கடையில் ஜெசிந்தா என் பையிலிருந்து அகழாய்வுப் புத்தகத்தின் நகலை எடுத்தாள். ஹரப்பா பக்கத்தைப் புரட்டி ஃபிளெக்ஸின் பக்கத்தில் வைத்தாள். புத்தகத்தில், களிமண் பதிவில், மாடு வலது பக்கம் பார்த்தது. எங்கள் ஃபிளெக்ஸில் அதே மாடு இடது பக்கம் பார்த்தது.

"இத யாரு திருப்புனா?" என்றாள். அவளே பதிலும் சொன்னாள். "என் புரோகிராம்தான் திருப்பியிருக்கு."

விஷயம் இதுதான். எங்களிடம் இருந்த படங்கள் கலவையானவை. சில படங்கள் கல்லை எடுத்தவை. சில, களிமண்ணில் விழுந்த பதிவை எடுத்தவை. கல்லின் படத்தை மட்டும் இடவலமாகத் திருப்பினால் எல்லாம் பதிவுக்குச் சமமாகிவிடும். அதற்காக அட்டவணையில் ஒரு பத்தி போட்டு, தலைப்பாக 'முத்திரை' என்று எழுதினேன். கீழே ஆம் அல்லது இல்லை. இல்லை என்றிருந்தால் படத்தைத் திருப்பு: இது ஜெசிந்தாவின் புரோகிராமுக்கு நான் சொன்ன விதி.

மொகஞ்சதாரோ படங்களுக்கு நான் ஆம், இல்லை போட்டேன். ஹரப்பா படங்களுக்கு என் வகுப்புத் தோழன் ரங்கன் போட்டான். குறிகள் இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு எண்ணியதால், கருத்தரங்குக்காகப் படத்தை முழுதாக அச்சடிக்கும் வரை திருப்பிய மாட்டை நாங்கள் பார்க்கவே இல்லை. ஜாடிக் குறியும் மீன் குறியும் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். சரிவாக நிற்கும் குறிகள் சில மாறித் தெரிந்தபோது, 'இரட்டைக் குறிகள்' என்று பெயர் வைத்து அதற்கும் ஒரு பக்கம் எழுதியிருந்தேன்!

ஃபிளெக்ஸைச் சுருட்டிக்கொண்டு இருவரும் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், ஸ்ரீரங்கம் பஸ் பிடித்தோம். காவிரிப் பாலம் தாண்டும்வரை ஜெசிந்தா புத்தக நகலைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "எங்க கடைக்கு வர்றவங்க எல்லாருமே 'ஒரு சீல் வேணும்'னுதான் கேப்பாங்க. கையில பிடிக்கிறதா, காகிதத்துல விழறதான்னு அப்பா கேக்காம ஆர்டர் எடுக்கவே மாட்டாரு. பொறந்ததுலேருந்து அதக் கேட்டுத்தான் வளந்தேன். உங்க ரெண்டு பேர்கிட்ட மட்டும் கேக்காம விட்டுட்டேன் பாரு."

தோளில் இருப்பது என்ன?

ரங்கனின் வீடு சித்திரை வீதியில். தலைமுறை தலைமுறையாகக் கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம். எங்களைப் பார்த்ததும், "என்னடா, ரெண்டு பேரும் எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்தவா மாதிரி நிக்கறேள்?" என்றான்.

"ரங்கா, முத்திரைன்னா என்னடா?"

"இதக் கேக்கவா பஸ் ஏறி வந்தேள்?"

"சொல்லுடா."

"முத்திரைன்னா முத்திரைதான். குத்தறது."

"குத்தறதா? குத்துனா விழறதா?"

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு டீ-ஷர்ட்டின் கையைத் தோள் வரை சுருட்டினான். அங்கே மங்கலாகச் சக்கரம் ஒன்று. அவர்கள் குடும்பங்களில் ஆசாரியர் சங்கும் சக்கரமும் காய்ச்சி இரு தோளிலும் ஒற்றுவார்கள். ரங்கனுக்குச் சின்ன வயதிலேயே ஆகியிருந்தது.

"இதுதானடா முத்திரை?" என்றேன், விரலை வைத்து.

"இது திருவிலச்சினைடா. முத்திரை ஆசாரியன் கையில இருக்கறது. அதைக் காய்ச்சித்தான் இங்க வைப்பா. முத்திரை எப்படிடா தோள்ல இருக்கும்? தோள்ல இருந்தா அடுத்தவாளுக்கு எதை வைப்பா?"

ஜெசிந்தா தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

எங்கள் மில் களத்தில் காய்ந்த நெல்லைக் குவித்ததும், அப்பா மரக்கட்டையைச் சாம்பலில் தோய்த்துக் குவியலைச் சுற்றி அழுத்துவார். யாராவது ஒரு கை நெல் அள்ளினாலும் குறி கலைந்துவிடும். காலையில் வந்ததும் முதல் கேள்வி, "முத்திரை கலையாம இருக்கா?" நெல்லின் மேல் இருப்பதுதான் முத்திரை. கையில் இருப்பது வெறும் கட்டை. 'கட்டைய எடுத்து வை' என்றுதான் அப்பா சொல்வார். முத்திரையை எடுத்து வை என்று ஒருநாளும் சொன்னதில்லை.

ஆக, நான் ஆம் என்று போட்டது மண்ணில் விழுந்ததற்கு. ரங்கன் ஆம் என்று போட்டது கல்லுக்கு. அவன் போட்டதும் சரி, நான் போட்டதும் சரி. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் மில்லில் ஒரு முத்திரை, இந்தப் பக்கம் ரங்கன் வீட்டில் ஒரு முத்திரை. நடுவில் ஹரப்பா கவிழ்ந்துவிட்டது.

விளங்கியதும் ரங்கன் சுருட்டிய கையை இறக்கிவிட்டான். "நாளன்னிக்கு கருத்தரங்குடா."

"தெரியும்."

"நம்ம மூணு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. பேசாம வாசிச்சுடு. சீட் கிடைக்கட்டும். அப்புறம் சாவகாசமா ஒரு திருத்தம் எழுதிக்கலாம். உன் நிலைமை அப்படி, குமாரு. எனக்கு ஒரு வருஷம் போனாப் பரவாயில்ல. உனக்கு?"

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் அதை யோசிக்கவே இல்லை என்று எழுதினால் அது பொய்.

மைக்கின் முன்

மறுநாள் மேடத்திடம் சொன்னேன். நிகழ்ச்சி நிரலை எடுத்து என் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தார். "நிகழ்ச்சி நிரல்ல உன் பேரு அச்சாயிடுச்சு. எடுக்கச் சொன்னா எடுத்துடறேன். உடம்பு சரியில்லன்னு போட்டுக்கலாம். இல்ல, அந்த நேரத்துல என்ன பேசறதுன்னு நீயே முடிவு பண்ணு" என்றார்.

அப்பாவை வர வேண்டாம் என்று சொல்ல இரண்டு முறை போனை எடுத்தேன். இரண்டு முறையும் அவர், "எத்தன மணிக்குப்பா? எந்த கேட்டு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மணியையும் கேட்டையும் சொல்லிவிட்டு வைத்தேன்.

கருத்தரங்கு அன்று கடைசி வரிசையில் அப்பா. வெள்ளைச் சட்டையில் மடிப்பு கலையவில்லை. ஏசி குளிரில் கைகளைத் தொடைக்கடியில் வைத்திருந்தார். என் பெயரை அழைத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மைக்கின் முன் நின்று ஃபிளெக்ஸை விரிக்கச் சொன்னேன். "இந்த வலது வரிசை தப்பு" என்றேன். எல்லோரும் திரும்பி ஃபிளெக்ஸைப் பார்த்தார்கள். "அவங்க செஞ்ச தப்பு இல்லைங்க. நாங்க செஞ்சது. என் கட்டுரையோட முடிவு இந்தத் தப்பால வந்தது. அதனால முடிவை நான் திரும்ப எடுத்துக்கிறேன்."

சபையில் ஒரு முனகல் எழுந்து அடங்கியது. யாரோ சிரித்தார்கள். அப்பா இருந்த பக்கம் நான் பார்க்கவில்லை.

எனக்குக் கொடுத்த நேரத்தில் முக்கால்வாசி மிச்சம் இருந்தது. அதில் என்ன பேசுவது என்று எழுதி வைத்திருக்கவில்லை. நெருக்கியடித்த அந்த முத்திரையின் படத்தைத் திரையில் போடச் சொன்னேன். ஒரே சொல்லுக்கு எங்கள் மூன்று பேருக்குள்ளேயே இரண்டு பொருள் இருந்ததைச் சொன்னேன். கண்ணாடியில் தெரிவது போலச் செதுக்குகிறவர், எது கல், எது மண் என்று தினமும் கைக்குள்ளேயே அறிந்திருப்பார்; கணினி வைத்துக்கொண்டு நாங்கள் சறுக்கிய இடத்தில் அவர் உளியை வைத்துக்கொண்டு சறுக்கவில்லை என்றேன். அவர் பெயர் தெரியாது. அவர் என்ன எழுதினார் என்றும் தெரியாது. ஆனால் அவர் எழுதியது நேராகத்தான் இருந்தது. திருப்பியவர்கள் நாங்கள்.

நேரம் முடிந்த மணி அடிக்கும்வரை பேசினேன். முன்வரிசையில் ஒருவர் கேட்டார்: "அப்ப நீங்க இப்ப என்னதான் சொல்ல வர்றீங்க?"

"இன்னும் படிக்கலைங்க" என்றேன்.

வேப்பமரத்தடியில்

அந்த வருட இடம் வேறொருவருக்குப் போனது. நன்றாக வாசித்தவர், குறை சொல்ல ஒன்றுமில்லை.

கூட்டம் முடிந்ததும் அப்பா கேன்டீன் பக்கம் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். கொடுத்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"அப்ப நீ அதப் படிக்கலையா?"

"இல்லப்பா. இதுவரைக்கும் யாருமே படிக்கல."

"யாருமேவா? வெளிநாட்டுக்காரன்கூடவா?"

"அவனும்தான்."

அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அந்தத் தப்ப அவங்க கண்டுபிடிச்சிட்டாங்களா? அதான் சொன்னியா?"

"இல்லப்பா. அவங்களுக்குத் தெரியாது. எங்க மூணு பேருக்குத்தான் தெரியும்."

"யாரும் கேக்காமயேவா மைக்குல சொன்ன?"

தலையை ஆட்டினேன். திட்டு விழும் என்று நின்றேன். அந்த நிமிடம் ரங்கன் சொன்னதைக் கேட்டிருக்கலாமோ என்று எனக்கும் ஒரு எண்ணம் ஓடத்தான் செய்தது. அப்பா பிஸ்கட் பாக்கெட்டை என் சட்டைப் பையில் திணித்தார். சட்டைக் காலரை இழுத்து நேராக்கிவிட்டார், பள்ளிக்கூடம் அனுப்பும்போது செய்ததைப் போல அல்ல, கொஞ்சம் தயங்கி, யாரோ ஒரு பெரிய மனுசன் சட்டையைத் தொடுகிறவரைப் போல.

"மறுபடி மொதல்லேருந்து பாக்கணுமா?"

"ஆமாப்பா. ஒவ்வொரு படமா."

"அப்ப போயிப் பாரு" என்றார். வாசலில் மண்ணச்சநல்லூர் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பாமலே சொன்னார்: "மில்லுல நான் சொல்லிக்கிறேன்."

"எம் பையன் அத இன்னும் படிக்கல" என்று எல்லோரிடமும் அவரேதான் சொன்னார். சொல்லி முடிக்க ஒரு வாரம் ஆனதாம்.